செயலி வாங்கும் முன் இடைவேளை கொடுங்கள்: பள்ளி மாவட்டத்தில் வெல்னஸ் திட்டம் தொடங்குவது பற்றி

உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொன்னால் இதுதான்: அமெரிக்காவில் சுமார் 900 பேர் வேலை செய்யும் ஒரு பள்ளி மாவட்டத்தின், அதாவது ஒரு பகுதியின் பொதுப் பள்ளிகளை நடத்தும் அமைப்பின், மனிதவளப் பிரிவில் இருக்கிறீர்கள். ஆகஸ்டில் பள்ளி திறப்பதற்குள் பணியாளர்களுக்கு ஒரு வெல்னஸ் திட்டம் (உடல், மன நலத்தைப் பேணும் திட்டம்) வேண்டும் என்று மாவட்டத்தின் தலைமை நிர்வாகியான சூப்பரின்டெண்டென்ட் சொல்லிவிட்டார். செயலி, நடைப்போட்டி, யோகா வகுப்பு என்று மூன்று நிறுவனங்கள் விலைப்பட்டியலோடு வந்திருக்கின்றன. எதை எடுப்பது, எங்கே தொடங்குவது என்று கேட்கிறீர்கள்.

மூன்றில் எதையும் இப்போதைக்கு வாங்காதீர்கள் என்பதுதான் என் பதில். ஆசிரியையாக இருந்தபோது இப்படிப்பட்ட ஒரு குழுவில் உறுப்பினராக இருந்தேன். பிறகு மாவட்ட அளவில் அதே வேலையை ஒருங்கிணைக்கும் பொறுப்பு வந்தது. முதல் ஆண்டு நாங்களும் நடைப்போட்டியில்தான் தொடங்கினோம். உற்சாகமாக நடந்தது, படம் எடுத்தோம், பரிசு கொடுத்தோம். பரிசு வாங்கியவர்களில் பெரும்பாலோர் அதற்கு முன்பே தினமும் ஓடிக்கொண்டிருந்தவர்கள். சர்க்கரை நோயோடு பஸ் ஓட்டியவர்களும், முதுகுவலியோடு இரவில் தரை துடைத்தவர்களும் பெயரே கொடுக்கவில்லை. யாருக்காகத் தொடங்கினோமோ அவர்களைத் தவிர மற்ற எல்லாரும் வந்தார்கள்.

இது எங்கள் மாவட்டத்துக்கு மட்டும் நேர்ந்ததல்ல. இல்லினாய் பல்கலைக்கழகம் தன் சொந்தப் பணியாளர்களை வைத்தே 2016-ல் ஒரு ஆய்வு தொடங்கியது. 4,834 பேர் சேர்ந்தார்கள். அவர்களில் 3,300 பேருக்குக் குலுக்கல் முறையில் வெல்னஸ் திட்டத்தில் இடம் கொடுத்தார்கள். மீதிப் பேரை ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக விட்டுவைத்தார்கள். உடல் பரிசோதனை செய்துகொண்டவர்கள் எண்ணிக்கை கூடியது. நிர்வாகம் நம் உடல்நலத்தில் அக்கறை காட்டுகிறது என்ற எண்ணமும் கூடியது. மருத்துவச் செலவிலோ, உடற்பயிற்சிப் பழக்கத்திலோ, விடுப்பு எடுப்பதிலோ சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. இன்னொன்றையும் கண்டார்கள்: திட்டத்தில் உண்மையாகக் கலந்துகொண்டவர்கள், திட்டம் வருவதற்கு முன்பே குறைவாக மருத்துவச் செலவு செய்துகொண்டிருந்தவர்கள். சேர்ந்தவர்களையும் சேராதவர்களையும் வெறுமனே ஒப்பிட்டிருந்தால் திட்டம் பெரிய வெற்றி போலத் தெரிந்திருக்கும். வெண்டார்கள், அதாவது இந்தத் திட்டங்களை விற்கும் நிறுவனங்கள், காட்டும் வரைபடங்களில் பலவும் அப்படி ஒப்பிட்டு வரைந்தவைதான். அடுத்த முறை அவர்கள் வரும்போது, "இதில் ஒப்பீட்டுக் குழுவை எப்படித் தேர்ந்தெடுத்தீர்கள்?" என்று மட்டும் கேட்டுப் பாருங்கள்.

பி.ஜேஸ் என்ற மொத்த விற்பனைக் கடைத்தொடரில் 160 கிளைகளை வைத்து, ஏறக்குறைய 33,000 பணியாளர்களிடம் நடந்த ஆய்வு 2019-ல் வெளியானது. வெல்னஸ் திட்டம் கொடுத்த கிளைகளில், உடற்பயிற்சி செய்கிறோம், எடையைக் கவனிக்கிறோம் என்று சொன்னவர்கள் எண்ணிக்கை கூடியிருந்தது. ரத்த அழுத்தம், கொழுப்பு, எடை, விடுப்பு, செலவு எதிலும் 18 மாதங்களுக்குப் பிறகு வித்தியாசம் இல்லை. பிரிட்டனில் 233 நிறுவனங்களைச் சேர்ந்த 46,336 பேரின் விவரங்களை ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர் வில்லியம் ஃபிளெமிங் ஆராய்ந்து 2024-ல் வெளியிட்டார். மனஅழுத்தத்தைக் கையாளும் பயிற்சி, தியானச் செயலி போன்றவற்றில் கலந்துகொண்டவர்கள், கலந்துகொள்ளாதவர்களைவிட நன்றாக இருந்ததாகத் தெரியவில்லை. தன்னார்வத் தொண்டுக்கு வாய்ப்புக் கொடுத்தது மட்டும் சிறு விதிவிலக்கு.

இதையெல்லாம் படித்துவிட்டு, அப்படியானால் திட்டமே வேண்டாம் என்று முடிவு செய்துவிடாதீர்கள். நான் அந்த முடிவுக்கு வரவில்லை. வேலை அப்படியே இருக்க, அதைச் செய்யும் மனிதரை மட்டும் மாற்றப் பார்த்தால் பலன் சிறிதாகத்தான் இருக்கும் என்றே இவை சொல்கின்றன. பள்ளியில் இதற்கு மிகத் தெளிவான உதாரணம் குரல்.

அயோவா, யூட்டா மாநிலங்களில் 1,243 ஆசிரியர்களையும் 1,288 பிற வேலை செய்பவர்களையும் கேட்டு நடத்திய ஆய்வு 2004-ல் வந்தது. வாழ்நாளில் ஒருமுறையாவது குரல் கோளாறு வந்தவர்கள் ஆசிரியர்களில் 57.7 சதவீதம், மற்றவர்களில் 28.8 சதவீதம். இரண்டு மடங்கு. அதே ஆய்வாளர் குழு அதற்கு இரண்டு ஆண்டு முன்பு, குரல் கெட்டுப்போயிருந்த 44 ஆசிரியர்களை மூன்றாகப் பிரித்துப் பார்த்தது. ஒரு பிரிவுக்குக் குரலைப் பேணுவது எப்படி என்று பாடம் எடுத்தார்கள்: தண்ணீர் குடியுங்கள், கத்தாதீர்கள், தொண்டையைக் கனைக்காதீர்கள். இன்னொரு பிரிவுக்கு இடுப்பில் மாட்டிக்கொள்ளும் சின்ன ஒலிபெருக்கி கொடுத்தார்கள். மூன்றாவது பிரிவுக்கு ஒன்றும் இல்லை. ஒலிபெருக்கி கிடைத்தவர்களுக்குக் குரல் தேறியது. பாடம் கேட்டவர்களுக்குச் சொல்லும்படியாகத் தேறவில்லை. முப்பது பிள்ளைகள் இருக்கும் அறையில் கத்தாதீர்கள் என்று அறிவுரை சொல்வதற்கும், கத்தத் தேவையில்லாதபடி செய்துகொடுப்பதற்கும் உள்ள வித்தியாசம் இது. உங்கள் திட்டத்தில் எந்த யோசனை வந்தாலும் இந்த இரண்டில் எந்தப் பக்கம் சேர்கிறது என்று பாருங்கள். நான் இன்றைக்கும் அப்படித்தான் பார்க்கிறேன்.

அதனால் முதல் வேலை, பணியாளரின் ஒரு நாளைப் பார்ப்பது. மாவட்ட அலுவலகத்தில் உட்கார்ந்து பார்த்தால் அது தெரியாது.

காலை ஏழே முக்காலுக்கு வகுப்புக்குள் நுழையும் தொடக்கப்பள்ளி ஆசிரியை, மதிய உணவு வரை அறையைவிட்டு வெளியே போக முடியாது. ஆறு வயதுப் பிள்ளைகளைத் தனியே விட முடியாது. கழிப்பறைக்குப் போக வேண்டுமே என்பதற்காகத் தண்ணீரே குடிக்காமல் இருப்பவர்கள் ஏராளம். சிறுநீர்த் தொற்று இந்தத் தொழிலில் சாதாரணமாகப் பேசப்படும் நோய். உணவு நேரம் தாளில் 30 நிமிடம். பிள்ளைகளைக் கஃபெட்டீரியாவில் விட்டுவிட்டுத் திரும்பி வந்து, மறுபடி அழைத்து வரப் போவதற்குள் கையில் நிற்பது 15 நிமிடம். பாடம் தயாரிக்க என்று ஒதுக்கிய நேரம், வேறு ஆசிரியர் விடுப்பில் இருந்து சப்ஸ்டிட்யூட் (மாற்று ஆசிரியர்) கிடைக்காத நாளில் அவர் வகுப்பைப் பார்த்துக்கொள்ளப் போய்விடும். ராண்ட் என்ற ஆய்வு நிறுவனம் 2022-ல் நடத்திய கணக்கெடுப்பில், அடிக்கடி வேலை அழுத்தத்தை உணர்கிறோம் என்று சொன்ன ஆசிரியர்கள் 73 சதவீதம். வேலை செய்யும் மற்றவர்களில் அது 35 சதவீதம். இவர்களிடம் போய் மாலை நாலு மணிக்கு மூச்சுப் பயிற்சி வகுப்பு வைத்தால், அது அவர்கள் நாளில் இன்னொரு வேலையாகச் சேரும், அவ்வளவுதான்.

நாங்கள் இரண்டாம் ஆண்டில் செய்த முதல் காரியம் சின்னது. ஒவ்வொரு தொடக்கப்பள்ளியிலும், காலையில் ஒன்றரை மணி நேரமும் மதியம் ஒரு மணி நேரமும் வகுப்பு வகுப்பாகச் சுற்றி வரும் ஒரு ஆளை வைத்தோம். ஆசிரியருக்குப் பத்து நிமிடம் விடுதலை. நேரம் எழுதிய அட்டவணை கதவில் ஒட்டியிருக்கும். பிரின்சிபல்களும் துணைப் பிரின்சிபல்களும் முறைவைத்து அதில் நின்றார்கள். பிரின்சிபலே வந்து வகுப்பில் நிற்கும்போது, ஆசிரியர் கழிப்பறைக்குப் போவது கெஞ்சிக் கேட்கும் சலுகையாகத் தோன்றவில்லை. பணமாக ஆன செலவு மிகக் குறைவு. நான் பார்த்த எந்த வெல்னஸ் முயற்சியும் அதைப் போல நன்றி பெறவில்லை.

இதே வரிசையில் வருவது பால் புகட்டும் தாய்மார்கள் விஷயம். 2010-ல் வந்த கூட்டாட்சிச் சட்டம், வேலையிடத்தில் பால் எடுக்க நேரமும் இடமும் தரவேண்டும் என்றது. ஆனால் மணிக்கணக்கில் கூலி வாங்குபவர்களுக்குத்தான் பெரும்பாலும் அது பொருந்தியது, ஆசிரியர்கள் விடுபட்டார்கள். 2022 டிசம்பரில் நிறைவேறிய சட்டம் அந்த ஓட்டையை அடைத்தது. குழந்தை பிறந்து ஓராண்டு வரை, தேவைப்படும்போதெல்லாம் நேரம் தரவேண்டும். பிறர் பார்வை படாத, யாரும் திடீரென்று நுழையாத இடமும் தரவேண்டும். அந்த இடம் கழிப்பறையாக இருக்கக்கூடாது. உங்கள் மாவட்டத்தில் எத்தனை கட்டடங்களில் அப்படி ஒரு அறை இருக்கிறது, அந்தத் தாய் போகும்போது வகுப்பை யார் பார்த்துக்கொள்வார் என்பது எழுதி வைத்திருக்கிறதா? இல்லையென்றால் உங்கள் வெல்னஸ் திட்டத்தின் முதல் வரி கிடைத்துவிட்டது. இது சட்டப்படி ஏற்கெனவே செய்தாக வேண்டியது என்பதால் பட்ஜெட்டுக்காக யாரிடமும் வாதாட வேண்டியதில்லை.

அடுத்தது, "பணியாளர்" என்ற சொல். அமெரிக்கப் பொதுப் பள்ளிகளில் வேலை செய்பவர்களில் ஏறக்குறைய பாதிப்பேர்தான் ஆசிரியர்கள். மீதிப்பேர் பஸ் ஓட்டுநர்கள், சமையலறைப் பணியாளர்கள், துப்புரவுப் பணியாளர்கள், வகுப்பு உதவியாளர்கள், அலுவலகத்தினர், பராமரிப்புக்காரர்கள். திட்டங்கள் ஆசிரியர் நேரத்துக்கு ஏற்ப அமைவதால் இவர்களுக்கு எட்டுவதில்லை. பஸ் ஓட்டுநருக்கு விடியற்காலை ஒரு ஓட்டம், பிற்பகல் ஒரு ஓட்டம், நடுவில் கூலியில்லாத இடைவெளி. நாலு மணி வகுப்புக்கு அவர் எப்படி வருவார்? துப்புரவுப் பணியாளருடைய வேலை பிள்ளைகள் போன பிறகுதான் தொடங்குகிறது. சமையலறையில் இருப்பவர்களுக்கு மாவட்ட மின்னஞ்சல் முகவரி இருந்தாலும் அதைத் திறந்து பார்க்க வேலையிடத்தில் கணினி இருக்காது. மின்னஞ்சலில் மட்டும் அறிவிக்கும் திட்டத்தில் சேர இவர்களுக்கு வழியே இல்லை. வகுப்பு உதவியாளர்களில் பலர் குறைந்த கூலிக்கு, சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகளைத் தூக்கி இறக்கி வேலை செய்கிறார்கள். அவர்களுக்கு வெல்னஸ் என்றால் தூக்கும் பட்டையும், இரண்டாவது ஆளும், முறையான பயிற்சியும்தான். உங்கள் வேலைக்காயக் காப்பீட்டு நிறுவனத்திடம் கடந்த மூன்று ஆண்டு கோரிக்கைப் பட்டியலைக் கேளுங்கள். எந்த வேலையில், எந்தக் கட்டடத்தில், உடலின் எந்தப் பகுதியில் என்று பிரித்துத் தருவார்கள். காயங்களைக் குறைப்பதற்கான உபகரணங்களுக்கு அவர்களிடமே உதவித்தொகை இருக்கவும் வாய்ப்பு உண்டு. இந்தப் பட்டியல் எந்தக் கருத்துக்கணிப்பைவிடவும் உண்மையைச் சொல்லும்.

கருத்துக்கணிப்பு நடத்துவதாக இருந்தால், கேள்விகள் ஆறுக்கு மேல் வேண்டாம். "உங்களுக்கு எந்த வகுப்பு வேண்டும்?" என்று கேட்டால் யோகா என்றுதான் வரும், ஏனென்றால் நீங்கள் பட்டியலில் அதைத்தான் கொடுத்தீர்கள். "போன வாரத்தில் உங்கள் உடம்பையோ மனதையோ மிகவும் வாட்டியது எது?" என்று கேட்டு, எழுத வெற்றிடம் விடுங்கள். தாளிலும் கொடுங்கள், மாவட்டத்தில் பேசும் மொழிகளிலும் கொடுங்கள். முடிவுகளைப் பிரித்துக் காட்டும்போது பத்துப் பேருக்குக் குறைந்த எந்தக் குழுவையும் தனியே காட்டாதீர்கள். ஒரு பஸ் நிலையத்தில் எட்டு ஓட்டுநர்கள் இருந்து, அவர்களில் மூவர் மனச்சோர்வு என்று எழுதியிருந்தால், அந்த மூவர் யார் என்று மற்ற ஐந்து பேரும் ஊகித்துவிடுவார்கள். ஒரு முறை அப்படி ஆகிவிட்டால் பிறகு எத்தனை ஆண்டானாலும் யாரும் உண்மையை எழுத மாட்டார்கள்.

நம்பிக்கையைப் பற்றிப் பேசும்போது வெஸ்ட் வர்ஜீனியாவைச் சொல்லாமல் இருக்க முடியாது. அந்த மாநிலத்தில் 55 கவுண்டிகள், அதாவது நிர்வாகப் பிரிவுகள். ஒவ்வொன்றும் ஒரு பள்ளி மாவட்டம். அரசு ஊழியர் காப்பீட்டு அமைப்பு, ஆசிரியர்கள் உள்ளிட்டவர்களை கோ365 என்ற செயலியில் சேரச் சொன்னது. எத்தனை அடி நடந்தீர்கள், உடல் அளவுகள் என்ன என்று அதில் பதிவு செய்து புள்ளி சேர்க்க வேண்டும். சேராதவர்களுக்கு மாதம் 25 டாலர் கூடுதல் பிரீமியம். ஆசிரியர்கள் கொதித்துப்போனார்கள், எதிர்ப்பு வலுத்ததும் அது திரும்பப் பெறப்பட்டது. ஆனால் கோபம் அதோடு அடங்கவில்லை. 2018 பிப்ரவரி 22 அன்று 55 கவுண்டிகளிலும் பள்ளிகள் மூடின. ஒன்பது பள்ளி நாட்கள் நீடித்த அந்த வேலைநிறுத்தத்துக்கு முக்கியக் காரணங்கள் சம்பளமும் ஏறிக்கொண்டே போன காப்பீட்டுச் செலவும்தான். ஆனாலும் தங்களை எப்படி நடத்துகிறார்கள் என்பதற்கு அடையாளமாக ஆசிரியர்கள் திரும்பத் திரும்பச் சொன்னது அந்தச் செயலியைத்தான். உடல்நலத்துக்காக என்று கொண்டுவந்த ஒன்று, உன் உடம்பைக் கண்காணிக்கிறேன், ஒத்துழைக்காவிட்டால் காசு பிடிப்பேன் என்று கேட்பவர் காதில் விழுந்தது. செயலியின் தொழில்நுட்பத்தில் குறையிருந்ததா என்பதெல்லாம் அதற்குப் பிறகான கேள்வி.

ஆகவே அபராதம் வேண்டவே வேண்டாம். வெகுமதியிலும் கவனம் தேவை. சட்டப் பக்கத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கடைசி வார்த்தை உங்கள் மாவட்ட வழக்கறிஞருடையதாக இருக்கட்டும். உடல்நிலை பற்றிய கேள்விகளும் பரிசோதனையும் உண்மையிலேயே விருப்பத்தின் பேரில் இருக்க வேண்டும் என்கிறது மாற்றுத்திறனாளிகள் சட்டம். குடும்பத்தில் யாருக்கு என்ன நோய் என்று கேட்டு அதற்கு வெகுமதி கொடுப்பதை 2008-ன் மரபணுத் தகவல் சட்டம் தடுக்கிறது. எவ்வளவு வெகுமதி கொடுத்தால் அது வற்புறுத்தலாகும் என்பதற்கு 2016-ல், வேலையிடப் பாகுபாட்டைத் தடுக்கும் கூட்டாட்சி அமைப்பான சமவாய்ப்பு ஆணையம், ஒருவருக்கான காப்பீட்டுச் செலவில் 30 சதவீதம் என்ற வரம்பு வைத்தது. நீதிமன்றம் அதை ஏற்காததால் 2019 ஜனவரி 1 முதல் அந்த விதி செல்லாமல் போனது. தெளிவான வரம்பு இல்லாத இடத்தில் சின்னதாக வைத்துக்கொள்வதே புத்திசாலித்தனம். காப்பீட்டுப் பிரீமியத்தோடு எதையும் முடிச்சுப் போடுவதாக இருந்தால், கூட்டுப்பேர உரிமையுள்ள மாநிலங்களில் சங்கத்தோடு பேசித் தீர்க்காமல் செய்ய முடியாது. வட கரோலினா போல அந்த உரிமை இல்லாத மாநிலங்களிலும் பணியாளர் பிரதிநிதிகளைக் கேட்டுவிட்டுச் செய்வதுதான் நல்லது.

கிஃப்ட் கார்டு கொடுப்பதாக இருந்தால் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள்: அது எவ்வளவு சிறிய தொகையாக இருந்தாலும் வருமான வரித்துறை அதைச் சம்பளமாகத்தான் பார்க்கும். பத்து டாலர் கார்டுக்கும் வரி பிடிக்க வேண்டும். சம்பளப் பிரிவுக்குச் சொல்லாமல் கார்டு வாங்கிவிட்டுப் பிறகு திண்டாடிய மாவட்டங்கள் உண்டு. தண்ணீர்க் குப்பி, சட்டை போன்ற சிறு பொருட்களுக்கு அந்தச் சிக்கல் இல்லை. எங்கள் பணியாளர்களைக் கேட்டபோது அவர்கள் பொருளைக் கேட்கவே இல்லை. உணவுக் கூடத்துக் கண்காணிப்பு வேலையிலிருந்து ஒரு வாரம் விடுதலை வேண்டும் என்றார்கள். அதைத்தான் பரிசாகக் கொடுத்தோம்.

இதையெல்லாம் சரிசெய்த பிறகு, சேவை என்று எதையாவது கொடுக்க வேண்டும் என்றால் நான் மூன்றைத்தான் சொல்வேன். ஒன்று, அக்டோபரில் ஒவ்வொரு கட்டடத்திலும், பஸ் நிலையத்திலும், இரவு ஷிஃப்ட் தொடங்கும் நேரத்திலும் இலவச ஃபுளூ தடுப்பூசி. ஆளைத் தேடி ஊசி போனால் போட்டுக்கொள்பவர்கள் கூடுவார்கள் என்பது நன்றாக நிறுவப்பட்ட விஷயம்.

இரண்டாவது, நீரிழிவின் விளிம்பில் இருப்பவர்களுக்கான ஓராண்டு வகுப்பு. அமெரிக்க அரசின் நோய்க்கட்டுப்பாட்டு மையம் அங்கீகரித்த பாடத்திட்டம் இதற்கு இருக்கிறது. இதன் வேர் 2002-ல் வெளியான பெரிய மருத்துவ ஆய்வு: உடல் எடையில் 7 சதவீதம் குறைப்பது, வாரம் 150 நிமிடம் நடப்பது என்ற இலக்குகளோடு தொடர்ந்து துணை நின்றதில், சர்க்கரை நோய் வருவது 58 சதவீதம் குறைந்தது. பல காப்பீட்டு நிறுவனங்கள் இதற்குப் பணம் தருகின்றன. உங்கள் நிறுவனம் தருகிறதா என்று கேளுங்கள். ஏற்கெனவே நோய் உள்ளவர்களுக்கு மருந்து, பரிசோதனை, செவிலியர் தொடர்பு என்று கைபிடித்து நடத்துவதும் இதோடு சேரும். பெப்சிகோ நிறுவனத்தின் திட்டத்தை ராண்ட் ஆய்வாளர்கள் ஏழு ஆண்டு விவரங்களோடு அலசி 2014-ல் எழுதினார்கள்: மருத்துவச் செலவில் மிச்சமானதில் 87 சதவீதம், நாட்பட்ட நோயுள்ளவர்களுக்கான பகுதியிலிருந்து வந்தது. எல்லாருக்குமான பழக்கவழக்கப் பகுதி தன் செலவைக்கூட ஈட்டவில்லை.

மூன்றாவது, மனநல உதவி. உங்கள் மாவட்டத்தில் பணியாளர் உதவித் திட்டம் என்று ஒன்று பெரும்பாலும் ஏற்கெனவே இருக்கும். சில இலவச ஆலோசனை அமர்வுகள் அதில் உண்டு. பெரும்பாலானவர்களுக்கு அது இருப்பதே தெரியாது. தெரிந்தவர்களும், கூப்பிட்டால் பிரின்சிபலுக்குத் தெரிந்துவிடுமோ என்று பயப்படுவார்கள். இரண்டுக்கும் மருந்து உண்டு. அந்த எண்ணில் நீங்களே ஒருமுறை அழைத்துப் பாருங்கள்: எத்தனை நிமிடம் காத்திருக்க வேண்டியிருக்கிறது, மாலை ஐந்துக்குப் பிறகு ஆலோசகர் கிடைக்கிறாரா, ஸ்பானிய மொழி பேசுபவர் இருக்கிறாரா, முதல் அமர்வுக்கு எத்தனை நாள் ஆகும். பதில் திருப்தியாக இல்லையென்றால் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும்போது அதை நிபந்தனையாக எழுதுங்கள். பிறகு, மாவட்டத்துக்கு என்ன தெரியும், என்ன தெரியாது என்பதை ஒரே பக்கத்தில் எளிய மொழியில் எழுதி, சங்கத் தலைவரும் சூப்பரின்டெண்டென்டும் சேர்ந்து கையெழுத்திட்டு ஒட்டுங்கள். ஆண்டுக்கு எத்தனை பேர் பயன்படுத்தினார்கள் என்ற மொத்த எண்ணிக்கை மட்டும்தான் வரும் என்றால், அதை அப்படியே எழுதுங்கள். தற்கொலை எண்ணம் போன்ற நெருக்கடிக்கு 988 என்ற எண் 2022 ஜூலையிலிருந்து நாடு முழுவதும் இருக்கிறது. ஒவ்வொரு கழிப்பறைக் கதவின் உட்புறத்திலும் அது இருக்கட்டும். யாரும் பார்க்காமல் குறித்துக்கொள்ளக்கூடிய இடம் அது.

குழு அமைப்பதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தேசியப் பள்ளி உணவுத் திட்டத்தில் இருக்கும் எல்லா மாவட்டங்களும் 2006-லிருந்து ஒரு வெல்னஸ் கொள்கை வைத்திருக்க வேண்டும். மூன்று ஆண்டுக்கு ஒருமுறை மதிப்பீடும் கட்டாயம். அது மாணவர்களுக்கானது. ஆனால் அதற்கென்று ஒரு குழு உங்கள் மாவட்டத்தில் எங்கோ இருக்கும். புதிய குழு தொடங்காமல் அதையே விரிவாக்கிப் பணியாளர் பகுதியைச் சேருங்கள். 2014-ல் நோய்க்கட்டுப்பாட்டு மையமும் ஏ.எஸ்.சி.டி. கல்வியாளர் அமைப்பும் சேர்ந்து வெளியிட்ட பள்ளி உடல்நல மாதிரியின் பத்துக் கூறுகளில் பணியாளர் வெல்னஸும் ஒன்று; பள்ளி வாரியத்தில் யாராவது "இது நம் வேலையா?" என்று கேட்டால் காட்டுவதற்கு உதவும். குழுவில் ஓட்டுநர், சமையலறை, துப்புரவு மூன்றிலிருந்தும் ஆள் இருக்கட்டும். கூட்டத்துக்கு வரும் நேரத்துக்கு அவர்களுக்குக் கூலி கொடுங்கள். மாதச் சம்பளக்காரர்கள் கூலியோடு உட்கார்ந்திருக்க, மணிக்கூலிக்காரர் சொந்த நேரத்தில் வருவது நியாயமில்லை.

நாட்காட்டி முக்கியம். ஆகஸ்டில் பள்ளி திறப்பதற்கு முந்தைய இரண்டு வாரங்கள் ஆசிரியர்கள் அறையை அடுக்கிக்கொண்டும் பயிற்சிக் கூட்டங்களில் உட்கார்ந்துகொண்டும் இருப்பார்கள். அப்போது அறிவிக்கும் எதுவும் காதில் ஏறாது. அக்டோபரில் காப்பீட்டுப் பதிவும் தடுப்பூசியும் சேர்ந்து வரட்டும். ஜனவரியில் நீரிழிவு வகுப்பைத் தொடங்கலாம். ஏப்ரலும் மேயும் தேர்வுக்காலம், புதிதாக எதையும் தொடங்காதீர்கள். ஜூன், ஜூலையில் ஆசிரியர்கள் இருக்க மாட்டார்கள். ஆனால் துப்புரவுப் பணியாளர்களுக்கு ஆண்டிலேயே கடினமான மாதங்கள் அவைதான். தரையைச் சுரண்டி மெழுகு பூசுவது, மேசை நாற்காலிகளைக் கட்டடம் முழுக்க நகர்த்துவது, குளிர்சாதனம் நிறுத்திவைத்த அறைகளில். அவர்களுக்கான வெல்னஸ் திட்டம் கோடையில்தான் இருக்க வேண்டும்: தண்ணீர், இடைவேளை, விடியலிலேயே தொடங்கி மதியத்துக்குள் முடியும் ஷிஃப்ட்.

பள்ளி வாரியத்திடம் பேசும்போது, ஒரு டாலர் போட்டால் மூன்று டாலர் மிச்சமாகும் என்று எந்த வெண்டார் எழுதிக் கொடுத்தாலும் அதை உங்கள் வாயால் சொல்லாதீர்கள். மூன்றாம் ஆண்டில் காப்பீட்டுச் செலவு குறையாதபோது, அந்த வாக்கை வைத்தே திட்டத்தை வெட்டுவார்கள். உங்களால் எண்ணிக் காட்ட முடிந்ததைச் சொல்லுங்கள்: மாதத்துக்கு எத்தனை தயாரிப்பு நேரங்கள் பறிபோயின, எத்தனை முறை சப்ஸ்டிட்யூட் கிடைக்காமல் வகுப்புகளை ஒன்றாகச் சேர்த்தீர்கள், முதுகு, தோள் காயக் கோரிக்கைகள் எத்தனை, வசந்தத்தில் ராஜினாமா எத்தனை. அதோடு ஆண்டுக்கு இரண்டு முறை எல்லாரிடமும் ஒரே கேள்வி: "போன வாரம் தேவைப்பட்டபோதெல்லாம் கழிப்பறைக்குப் போக முடிந்ததா?" முதல் முறை வரும் பதிலை வாரியக் கூட்டத்தில் வாசித்துப் பாருங்கள். நாங்கள் வாசித்தபோது அறை அமைதியாகிவிட்டது. சுற்று ஆளுக்கான கூலி அந்தக் கூட்டத்திலேயே நிறைவேறியது.

சூப்பரின்டெண்டென்டுக்கு ஆகஸ்டில் மேடையில் சொல்ல ஏதாவது வேண்டுமே என்பது எனக்குப் புரிகிறது. அவருக்கு இரண்டு வாக்கியம் எழுதிக் கொடுங்கள். ஒன்று, இந்த ஆண்டு ஒவ்வொரு கட்டடத்திலும் ஆசிரியருக்குக் காலையில் ஒன்று, மதியம் ஒன்று என்று உறுதியான இடைவேளை கிடைக்கும். பால் எடுக்கப் பூட்டுள்ள அறை இருக்கும். இரண்டு, கிறிஸ்துமஸ் விடுமுறைக்குள் ஒவ்வொரு கட்டடத்துக்கும் அவரே வந்து, பணியாளர்கள் எழுதிக் கொடுத்தவற்றில் எதைச் செய்ய முடியும், எதை முடியாது, ஏன் என்று நேரில் சொல்வார். முடியாது என்பதையும் சொல்ல வேண்டும் என்பதை அவரிடம் முன்பே பேசிக்கொள்ளுங்கள்.

அதற்கு முன்னால், இந்தப் பள்ளியாண்டு முடிவதற்குள் ஒரு நாள் காலை ஐந்தரைக்குப் பஸ் நிலையத்துக்குப் போங்கள். ஓட்டுநர்கள் விளக்கையும் டயரையும் சோதித்துக்கொண்டிருப்பார்கள். ஓட்டம் தொடங்கப் பத்து நிமிடம் இருக்கும்போது காபியோடு நிற்பார்கள். மடிக்கணினி வேண்டாம், ஒரு நோட்டும் பேனாவும் போதும். அதே நாள் இரவு ஒன்பது மணிக்கு ஏதாவது ஒரு பள்ளியில் துப்புரவுப் பணியாளர்களோடு அரை மணி நேரம் நில்லுங்கள். நோட்டில் வந்ததை எனக்கு எழுதுங்கள். அதை வைத்து மேற்கொண்டு பேசலாம்.